மூன்றாம் ஓலை

ஆம்பூர்
3-1-1955

டேய் ஜீவா,

புது வருஷ வாழ்த்தெல்லாம் உன் வாலாஜாபேட்டை சபையார் சொல்லியிருப்பார்கள். நான் சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

முந்தாநாள் ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஆசீர்வாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நவம்பர் கமிட்டியில் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசிய அதே மனுஷன், எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அம்மா கையால் காப்பி வாங்கிக் குடித்தார். "உபதேசியார் ஜீவரத்தினத்துக்கு உங்க சுகிர்தத்தைக் கேக்க வந்தேன்மா. மாப்பிள்ளைக்குச் சம்மதம்" என்றார். அம்மா சந்தோஷத்தில் அழுதே விட்டாள். தங்கை பாகாயத்தில் ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தாள்.

உனக்குச் சம்மதமா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

கமிட்டி அன்றைக்கு உன்னை வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வைத்திருந்தார்கள். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது, கேள். பாலாற்று மணலில் பட்டப்பகலில் நீ என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்ததைக் கோயில் மணி அடிக்கிறவர் பார்த்தாராம். அது ஒன்றுதான் சாட்சி. எட்டுப் பேரில் நாலு பேர், வேதத்தில் இரண்டு இடத்தைக் காட்டி, நம் இரண்டு பேரையும் சபையை விட்டே நீக்கு என்றார்கள். நம் சபைக் குரு பெரிய ஐயரும் இன்னும் மூன்று பேரும், ஆண்டவருடைய பந்திக்கு வருகிறவனைத் தடுக்க நாம் யார் என்றார்கள். மூன்று மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் இரண்டு கட்சியும் ஒத்துப்போனது எதில் தெரியுமா? "கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாய்டும்" என்பதில். அதுவரை உனக்குக் குருப்பட்டம் இல்லை. திருவிருந்துக்கு என் பெயரை எடுப்பதில்லை.

இரண்டு மாதமாகச் சனிக்கிழமை சாயங்காலம் அம்மா மட்டும் ஐயர் வீட்டு வராந்தாவுக்குப் போய், மறுநாள் திருவிருந்துக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வருகிறாள். யாரோ "சற்குணம் வரலியா?" என்று கேட்பார்கள் போல. திரும்பி வந்து என்னிடம் பேசாமல் அடுப்பு மூட்டுவாள்.

மூப்பர் கேட் அருகில் என் தோளைத் தட்டிச் சொன்னதையும் கேள். "அப்படி ஒண்ணு இருந்திருந்தா எவனாவது சொந்தத் தங்கச்சியைக் கொடுப்பானா தம்பி? ஊர் வாய் தானா மூடிடும்."

பதில் போடு. சுற்றி வளைக்காமல் எழுது.

சற்குணம்


வாலாஜாபேட்டை
7-1-1955

கிறிஸ்துவுக்குள் பிரியமான சற்குணத்துக்கு,

உன் கடிதம் வந்தபோது பள்ளிப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். சாயங்காலம்தான் பிரித்தேன்.

உன்னைக் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டால் கத்துவாய் என்று பயந்தேன். நீ கத்தினால் நான் துணிய மாட்டேன்.

மூப்பர் முதலில் தம் அண்ணன் மகளைத்தான் சொன்னார். சுகிர்தத்தின் பெயரைச் சொன்னது நான். ஏன் என்று நீயே யோசித்துப் பார். வேலூர் போர்டிங்கில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நீ சொன்னாயே, "என் தங்கச்சியைக் கட்டிக்கோடா, மச்சானாய்டலாம். மச்சான் வீட்டுக்கு மச்சான் வந்தா எவன் கேப்பான்?" என்று. நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பதினான்கு வருஷமாக அந்த வார்த்தையை மனசில் வைத்திருக்கிறேன்.

பதினாறு வயதிலிருந்து முழங்காலில் நின்று, என்னிடமிருந்து இதை எடுத்துவிடும் என்று ஜெபித்தேன். ஆண்டவர் எடுக்கவில்லை. ஊழியத்துக்கு அழைத்ததும் அவர்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று அவர் சொல்லவில்லை. இது ஒரு வழி. பண்டிகைக்கு வருவாய், ஒரே இலையில் சாப்பிடுவோம், உன் தங்கை பிள்ளைகளுக்கு நீ தாய்மாமன். உன் பெயரையும் திருவிருந்துக்கு எடுப்பார்கள். சுகிர்தத்தை நான் கண்கலங்க வைக்க மாட்டேன்.

வேண்டாம் என்றால் எழுது. விட்டுவிடுகிறேன்.

உன்
ஜீவரத்தினம்


ஆம்பூர்
12-1-1955

ஜீவா,

வேண்டாம் என்று நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

எனக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் ஆசை வருகிறது. அதுதான் அசிங்கம். டேனரியில் தோலைத் தரம் பிரித்துக்கொண்டே "மச்சான்" என்று முணுமுணுத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மஹபூப் பாஷா "யாரு மச்சான், இன்னா சமாச்சாரம்?" என்று கேட்டான். தங்கைக்குக் கல்யாணம் என்றேன். என் வாயால் முதல் தரம் சொன்னது அவனிடம்தான். அவன் கட்டிப்பிடித்து முபாரக் சொன்னான். பத்து பேர் எதிரில் உன் பெயரைச் சொன்னேன், ஒருத்தனும் ஒரு மாதிரி பார்க்கவில்லை. அந்தச் சுகம் உனக்குத் தெரியுமா?

சுகிர்தம் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். "உபதேசியார் நல்லா பாடுவாரே" என்று சிரித்தாள். உனக்குப் பிடித்திருந்தால் சரி அண்ணா என்றாள். எனக்குப் பிடித்திருக்கிறது என்றேன். அதில் பொய் இல்லை பார்.

ஒன்று சொல்கிறேன். இது பாவம் என்று நீ சொல்வதை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. உன் மடியிலும் என் மடியிலும் ஆண்டவருக்குக் கோபம் வரும்படி எதுவும் இருக்கவில்லை. ஆனால் இந்தக் கல்யாணத்தில் இருக்கிறது என்று எங்கேயோ உறுத்துகிறது. அதற்கு நான் இப்போது காது கொடுக்கப் போவதில்லை.

23, 30, பிப்ரவரி 6 ஞாயிறுகளில் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள். லெந்து தவக்காலத்துக்கு முன்னால் 16ஆம் தேதி கல்யாணம். அம்மா வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

மச்சான்


வாலாஜாபேட்டை
25-1-1955

அன்புள்ள சற்குணம்,

முதல் ஓலை வாசித்தாயிற்று. இங்கே ஐயர் மாதம் ஒருமுறைதான் வருவார், அறிவிப்புகளை உபதேசியார் வாசிப்பதுதான் வழக்கம். அதனால் என் ஓலையை நானே வாசித்தேன். இவர்கள் இருவரும் விவாகத்தில் சேரத் தடை ஏதும் தெரிந்தவர் எழுந்து சொல்லட்டும் என்று நானே கேட்டுவிட்டுச் சபையைப் பார்த்து நின்றேன். வாலிபர்கள் சிரித்தார்கள்.

சில காரியங்களை வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது. வருத்தப்படாதே. இனி "டேய்" என்று எழுதாதே, கீழே "மச்சான்" என்றும் இப்போதே போடாதே. என் பழைய கடிதங்களை எரித்துவிடு, உன்னுடையதை நான் எரித்துவிட்டேன். இன்னொன்று. மூப்பரோடு பேசியதில், குருப்பட்டம் ஆகி முதல் இரண்டு மூன்று வருஷம் நீ எங்கள் வீட்டுக்கு வராமல் இருப்பதே நல்லது என்று படுகிறது. வந்தாலும் தங்க வேண்டாம். மக்கள் மறக்கட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம், கர்த்தருக்குச் சித்தமானால்.

சுகிர்தம் ஆஸ்பத்திரி வேலையை விட வேண்டும் என்பதையும் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நாளைக்குக் குருவின் மனைவி, ஐயரம்மா ஆகப்போகிறவளுக்கு வேலை சரிப்படாது.

இப்படிக்கு,
ஜீவரத்தினம்


ஆம்பூர்
31-1-1955

ஜீவரத்தினம்,

எரித்துவிட்டாயா? போர்டிங்கில் நான் நோட்டுக் காகிதத்தில் எழுதினதையுமா?

சரி, அதை விடு. உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மச்சான் வீட்டுக்கு மச்சான் வந்தால் எவன் கேட்பான் என்றோம். முதலில் கேட்கப் போகிறவன் மச்சானே. நல்ல ஏற்பாடு! நீ குருவாகிறாய், நான் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறேன். அவள் வேலையை விட்டுவிட்டு, தன்னைத் தொடப் பிடிக்காதவன் வீட்டில் ஆயுசுக்கும் அங்கி துவைக்கிறாள்.

நேற்று இரண்டாம் ஓலை. பெரிய ஐயர் வாசித்தபோது பெண்கள் பக்கம் பார்த்தேன். சுகிர்தம் தலை குனிந்து புடவை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா செத்தபோது ஆறு வயசு, அப்போதும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். மத்தியானம் பஸ் ஏற்றிவிடக் கூடப் போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னையும் என்னையும், போர்டிங்கிலிருந்து.

பஸ் ஸ்டாண்ட் வரை அவள் கூடவே நடந்தாள். நர்ஸ் அல்லவா, அருவருப்பு ஒன்றும் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஓரமாக நிறுத்திக் கேட்டாள்: "அப்ப என்னை வச்சு ரெண்டு பேரும் வெள்ளையடிச்சிக்கப் பாத்தீங்களா? அவரு யாரோ. நீ என் கூடப் பொறந்தவன்தானே?"

நான் இப்போதே மூப்பரிடம் போய், பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்கு அவளுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"ரெண்டு ஓலை ஆயிருச்சு. இப்ப நான் வேணான்னா பழி யாரு மேல? ஆஸ்பத்திரில எவனையோ புடிச்சிக்கினான்னு சொல்வாங்க. நான் சொல்ல மாட்டேன். நீ ஏற்பாடு பண்ணே, நீ எழுந்து சொல்லு. கோயில்ல, எல்லார் எதிர்லயும், அவங்க கேக்கும்போது சொல்லு. இல்லாட்டி நான் கட்டிக்கிட்டுப் போய்டறேன், ஆயுசுக்கும் என் மூஞ்சில முழிக்காதே."

பஸ் ஏறிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

உனக்கு ஒரு வாரம் இருக்கிறது. நீயே ஆம்பூருக்கு வந்து, எனக்கு விவாகத்துக்கு மனசில்லை என்று பெரிய ஐயரிடம் சொல்லிவிடு. உன்னால் வந்ததாக இருக்கட்டும், பெண் மேல் குறை வராது. குருப்பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும். அவ்வளவுதான் போகும். செய்வாயா?

சற்குணம்


வாலாஜாபேட்டை
3-2-1955

சற்குணம்,

என்ன காரியம் செய்துவிட்டாய்!

என்னால் வர முடியாது. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். கமிட்டியில் அந்த நாலு பேர் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். நான் ஊழியம் தவிர வேறு எதற்கும் லாயக்கில்லாதவன், உனக்கே தெரியும்.

கெஞ்சிக் கேட்கிறேன். சுகிர்தத்தைச் சமாதானப்படுத்து. இப்படிப்பட்ட கல்யாணங்கள் உலகத்தில் இல்லையா? பிள்ளைகள் பிறந்தால் எல்லாம் பழகிவிடும். நீ எழுந்து நின்றால் உன் அம்மா அந்தக் கோயிலில் மறுபடி தலைகாட்ட முடியுமா? அதையாவது யோசி.

உன் மடியில் படுத்திருந்தவன் கேட்கிறேன். எழுந்து நிற்காதே.

ஜீவா


ஆம்பூர்
8-2-1955

ஜீவா,

மூப்பர் உனக்குத் தந்தி அடித்திருப்பார். நடந்ததை நடந்தபடி என் வாயாலும் கேள்.

அறிவிப்புகள் வந்தன. பெரிய ஐயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். வாலாஜாபேட்டை சபை உபதேசியார் ஜீவரத்தினம், ஆம்பூர் சபை சுகிர்தம், தடை தெரிந்தவர் சொல்லலாம், இது மூன்றாம் தரம், கடைசித் தரம். கேட்டுவிட்டு அடுத்த காகிதத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். பதில் வரும் என்று யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து ஒருவரும் எழுந்ததில்லையாம்.

நான் எழுந்தேன். பெஞ்சு கிரீச்சென்றது.

"தடை இருக்கு ஐயரே."

"இன்னாப்பா தடை?" என்றார், வீட்டில் கேட்பதுபோல.

"நான்தான்."

மூப்பர் ஆசீர்வாதம் பாதி எழுந்து "உக்காரு, உக்காருடா" என்று கையை ஆட்டினார். முதல் தரமாக என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: "என் தங்கச்சி மேல ஒரு குத்தமும் இல்லை. அவளுக்குத் தெரியாம நடந்த ஏற்பாடு. தெரிஞ்சே ஒத்துக்கிட்டவன் நான். இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது."

உன் பெயரை நான் சொல்லவில்லை. ஐயர் அப்போதுதான் வாசித்திருந்தார், நான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்?

சுகிர்தம் எழுந்து அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நிமிர்ந்து நடந்து வெளியே போனாள். ஐயர் அந்த ஓலையை நாலாக மடித்துத் தம் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பாட்டு எண் சொன்னார். ஒருவரும் பாடவில்லை. ஆர்மோனியம் மட்டும் முழுப் பாட்டையும் வாசித்து முடித்தது.

அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

கமிட்டி உன்னைக் கூப்பிடும். நீ பொய் சொல்ல வேண்டாம், நிஜமும் சொல்ல வேண்டாம். பேசாமல் இரு, போதும். மீதியை நான் சுமந்துகொள்கிறேன்.

சற்குணம்


வாலாஜாபேட்டை
28-3-1955

சற்குணத்துக்கு,

வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நான் எழுதுவது நல்லது.

கமிட்டி என்னைப் பேசாமல் இருக்க விடவில்லை. முன்பே எழுதி வைத்திருந்தார்கள். "சிறு வயதில் என்னை வழிதப்பச் செய்தவர் மேற்படி சற்குணம்" என்றிருந்தது. படித்தேன், கையெழுத்துப் போட்டேன்.

உன்னைச் சபையிலிருந்து நீக்க ஏழு பேர் கை தூக்கினார்கள். பெரிய ஐயர் மட்டும் தூக்கவில்லை. அவரை ஒடுகத்தூர்ப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு மூப்பருடைய அண்ணன் மகளோடு எனக்குக் கல்யாணம். ஓலை அவர்கள் ஊரில் வாசிக்கிறார்கள்.

என் கடிதங்கள் இன்னும் உன்னிடம் இருந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்பு.

ஜீவரத்தினம்


ஆம்பூர்
2-4-1955

ஜீவரத்தினம்,

நான் உன்னைவிட நாலு மாதம் பெரியவன். அந்த நாலு மாதத்தில் உன்னைக் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

டேனரி முதலாளி அப்துல் சமத் சாயபுவிடம் நானே போய்ச் சொன்னேன், ஊரில் கேட்பதற்கு முன்னால். வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்றேன். தோலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "உங்க கோயில் சமாச்சாரம் எனக்கு இன்னாத்துக்கு? எங்க ஆளுங்க கேட்டாலும் தப்புன்னுதான் சொல்வாங்க. எனக்குத் தோலைப் பாக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். போய் வேலையைப் பாரு" என்றார். அதற்கப்புறம் என்னோடு டீ குடிப்பதை நிறுத்திவிட்டார். அந்த மட்டும் அவர் நாணயஸ்தர்.

கடிதங்களை எரிக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். பயப்படாதே, யாருக்கும் காட்ட மாட்டேன். காட்டினால் நீ ஒரு காலத்தில் எப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். அது என்னுடையது.

சற்குணம்


ஆம்பூர், குருமனை
6-7-1957, சனிக்கிழமை

திரு. சற்குணம் அவர்களுக்கு,

நான் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்தது நான் கேட்டு வாங்கியதல்ல என்று முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாளைய திருவிருந்துக்குத் தங்கள் பெயரை எழுதித் தாங்கள் இன்று காலை கோயில் மணி அடிக்கிறவரிடம் கொடுத்தனுப்பிய சீட்டை இதோடு திருப்பி அனுப்புகிறேன். 1955 மார்ச் மாதத் தீர்மானப்படி தங்கள் பெயரை ஏற்பதற்கில்லை. மனந்திரும்பியதாக எழுத்து மூலம் கொடுத்தால் கமிட்டி யோசிக்கும்.

நேரில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மனைவிக்கு உடம்பு சரியில்லை.

கர்த்தருடைய ஊழியத்தில்,
அருள்திரு ஜீவரத்தினம்


ஆம்பூர்
8-7-1957

அருள்திரு ஐயர் அவர்களுக்கு,

சீட்டு கிடைத்தது. நீங்கள், தாங்கள் எல்லாம் ஒரு வரிக்கு மேல் எனக்கு ஓடாது. நீ என்றே எழுதுகிறேன்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். உனக்குத் தெரிந்திருக்கும். கடைசி மாதம் என்னோடு பேசினாள். "பேர் குடுத்தியா?" என்று கேட்டாள், சனிக்கிழமை என்று நினைத்துக்கொண்டு. கொடுத்தேன் என்றேன். அந்தப் பொய்யை நிஜமாக்கத்தான் சீட்டு அனுப்பினேன்.

சுகிர்தம் ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு வந்தாள். இன்னும் பாகாயத்தில்தான் வேலை. முழுக்க மன்னித்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மாதமும் வருகிறாள், சமைத்துப் போடுகிறாள், நடுவில் ஏதாவது குத்திப் பேசுகிறாள். எனக்கு அதுவே ஜாஸ்தி.

நேற்று கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உட்காரக்கூடாது என்று தீர்மானத்தில் இல்லை. உன் மனைவியைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயசு இருக்குமா? புடவை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மூன்று தரம் ஓலை வாசித்திருப்பார்கள், தடை தெரிந்தவர் உண்டா என்று கேட்டிருப்பார்கள். எழுந்து சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் போகவில்லை. என் தங்கைக்கு எழுந்தவன் அவளுக்கு எழவில்லை. நீ கையெழுத்துப் போட்டாய், நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பாவத்துக்கு வேண்டுமானால் எழுத்து மூலம் கொடுக்கிறேன், கமிட்டி கேட்குமா? மற்றதற்கு என்னிடம் எழுத ஒன்றும் இல்லை. உன்னை நேசித்ததற்கு நான் ஆண்டவரிடம்கூட மன்னிப்புக் கேட்டதில்லை.

நேரில் வராதே என்கிறாய். பெயரை ஏற்கமாட்டோம் என்றுதான் தீர்மானம், கொடுக்கக்கூடாது என்று இல்லை. நம் வழக்கம் உனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் வராந்தாவில் வரிசை நிற்கும். ஒவ்வொருவராக முன்னால் வந்து பெயர் சொல்ல வேண்டும், ஐயர் முகத்தைப் பார்த்துக் கேட்டு எழுத வேண்டும். மாதத்துக்கு ஒரு தரம் நானும் அந்த வரிசையில் நிற்பேன். என் முறை வரும்போது சற்குணம் என்பேன். நீ என்னைப் பார்த்து இல்லை என்று சொல்ல வேண்டும். மணி அடிக்கிறவரை விட்டுச் சொல்லக்கூடாது, சீட்டில் எழுதி அனுப்பக்கூடாது. சொன்னதும் போய்விடுவேன், சண்டை போட மாட்டேன். அடுத்த மாதம் வருவேன்.

உனக்கு மச்சானாக ஆகியிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக உன் வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்.

சற்குணம்